ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடுவே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்னைப் புறநகர் ரயில்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளை விடாமல் படிப்பவள் நான். ஏ.சி. மின்சார ரயில், நான்காவது ரயில் பாதை, கிளாம்பாக்கம் வரை மெட்ரோ என்று செய்திகளுக்குக் குறைவில்லை. எல்லாமே வேண்டியவைதான். ஆனால் தாம்பரத்தைத் தாண்டி, பெருங்களத்தூரில் தொடங்கி செங்கல்பட்டு வரை குடியிருக்கும் எங்களைக் கேட்டால், ரயிலில் போகும் நாற்பது, ஐம்பது கிலோமீட்டரைவிட, இறங்கியபின் வீடு போய்ச் சேரும் இரண்டு கிலோமீட்டர்தான் பெரும்பாடு என்று சொல்வோம். அந்த இரண்டு கிலோமீட்டரைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் இருப்பது கூடுவாஞ்சேரியை ஒட்டிய ஒரு நகரில். வேலை பாரிமுனைப் பக்கம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். குரோம்பேட்டை, பல்லாவரம் போன்ற ஊர்களில் பழைய குடியிருப்புகள் ஸ்டேஷனை ஒட்டியே வளர்ந்தன. இறங்கினால் நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம். எங்கள் பக்கம் கதை வேறு. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம் கொஞ்சம் கொஞ்சமாக மனைகளாகி, ஒரு நகருக்குப் பின்னால் இன்னொரு நகர் என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. எல்லா விளம்பரப் பலகையிலும் ஸ்டேஷன் கூப்பிடு தூரம்தான். கடன் வாங்கி வீட்டைக் கட்டிக் குடிவந்த பிறகுதான், அந்தத் தூரத்தைத் தினமும் இரண்டு முறை எப்படிக் கடப்பது என்ற கேள்வி வருகிறது.

ரயிலைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. கூட்டம் உண்டு. பல வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடுவதால் எங்களுக்கு வரும் வண்டிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். ஒன்றைத் தவறவிட்டால் அன்றைக்கு ஆபீசில் அரை நாள் விடுப்பு எழுத வேண்டியதுதான். ஆனாலும் லேடீஸ் பெட்டியில் ஏறிவிட்டால் மனசு லேசாகிவிடும். கீரை ஆய்வார்கள், பூக் கட்டுவார்கள், பிள்ளைகளின் பரீட்சை மார்க்கையும் மாமியாரின் சர்க்கரை அளவையும் பேசுவார்கள். பொத்தேரியில் ஏறும் ஒருத்திக்கு வளைகாப்பு என்றால் மாம்பலத்தில் இறங்குகிறவள் வளையல் வாங்கி வருவாள். ஒரே தெருவில் இருப்பவர்களைவிட ஒரே பெட்டியில் போகிறவர்கள் எங்களுக்கு நெருக்கம். இவ்வளவு மலிவாக இவ்வளவு தூரம் எங்களைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் அந்த ரயிலுக்கு நாங்கள் நன்றியோடுதான் இருக்கிறோம்.

ஸ்டேஷன் வாசலைத் தாண்டியதும்தான் எல்லாம் மாறுகிறது. இரவு எட்டரை, ஒன்பது மணி வண்டிகள் வரும் நேரத்தில் எங்கள் பக்கத்து எந்த ஸ்டேஷனுக்கும் வந்து பாருங்கள். வாசலில் வரிசையாக பைக்குகள் நிற்கும். அப்பாக்கள், கணவன்மார்கள், பிளஸ் டூ படிக்கும் தம்பிகள் காத்திருப்பார்கள். "வண்டலூர் தாண்டியாச்சு, கிளம்புங்க" என்று பெட்டிக்குள் இருந்து போன் போயிருக்கும். ஒருத்தி வேலைக்குப் போய்வர, வீட்டில் இன்னொருவரின் மாலைப் பொழுது முழுவதும் அதற்கென்றே ஒதுங்கிவிடுகிறது. இதை எந்தப் போக்குவரத்துக் கணக்கிலும் யாரும் சேர்ப்பதில்லை.

அழைத்துப் போக ஆள் இல்லாதவர்கள் என்ன செய்வது? தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்கள், விடுதிகளில் தங்கி வேலைக்குப் போகும் இளம்பெண்கள், முட்டி தேய்ந்த பெரியவர்கள். ஷேர் ஆட்டோ ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும், அதுவும் மெயின் ரோடு வரைதான். ஒன்பதுக்கு மேல் தனி ஆட்டோ. மாத சீசன் டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தை ஒரு வாரத்து ஆட்டோவே விழுங்கிவிடும். ஆட்டோக்காரர்களையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உள்ளே இருக்கும் நகருக்கு வந்தால் அவர்கள் காலியாகத்தான் திரும்ப வேண்டும். அப்புறம் மிச்சம் இருப்பது நடை. தெருவிளக்கு இருக்கும், எரியாது. எரிந்தால் நடைபாதை இருக்காது. வீடு கட்டாத மனைகளில் முள்செடி மண்டிக் கிடக்கும், நாய்கள் கூட்டமாகத் துரத்தும். இதைப் பற்றி உள்ளாட்சி அலுவலகத்தில் நாங்கள் மனு கொடுத்தால், அந்த ரோடு எங்களுடையது இல்லை, நெடுஞ்சாலைத் துறையைக் கேளுங்கள் என்கிறார்கள். அங்கே கேட்டால் ரயில்வே இடம் என்கிறார்கள்.

எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் நன்றாகப் படித்த பெண்கள் பலர், நகரத்தில் கிடைத்த நல்ல வேலையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள். திறமையில் எந்தக் குறையும் இல்லை. ஆபீஸ் முடிய ஏழரை ஆகும், வீடு வர ஒன்பதரை ஆகும், அந்த நேரத்தில் அந்த ரோட்டில் எப்படி வருவாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கும் பெற்றோரைப் பழமைவாதிகள் என்று தள்ளிவிட என்னால் முடியாது. என் மகளிடம் நானும் அதையேதான் கேட்கிறேன். 2021 மே மாதத்தில் இருந்து சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எத்தனையோ குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் பேருந்தே நுழையாத தெருக்களில் இருக்கும் பெண்களுக்கு அந்த உதவி எப்படி வந்து சேரும்?

மழைக்காலத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை ஊரே பார்த்தது. அடையாற்றுக்குத் தண்ணீர் கொடுக்கும் ஆதனூர் ஏரி எங்களுக்குப் பக்கத்தில்தான். பெருவெள்ளம் வந்தால் படகும் வரும், பத்திரிகையும் வரும். செய்தியாகாமல் போவது ஐப்பசி, கார்த்திகையின் சாதாரண மழை. கணுக்கால் அளவுத் தண்ணீரில் எது பள்ளம், எது வடிகால் என்று தெரியாமல், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு போகிறோம். பாதாளச் சாக்கடை வராத பகுதி என்பதால் அந்தத் தண்ணீரில் என்ன கலந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2022-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கியபோது நாங்களும் அதற்குள் வந்துவிட்டோம். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். விசாலமான, அழகான கட்டடம். ஆனால் திறந்த அன்று அதற்கென்று ஒரு ரயில் நிலையம் கிடையாது. பெட்டி படுக்கையோடு ஜி.எஸ்.டி. சாலையில் மக்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். பெரிய முனையத்துக்கே அந்த நிலை என்றால் எங்கள் சின்ன ஸ்டேஷன்களை யார் நினைக்கப் போகிறார்கள்? 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம். நல்ல ஏற்பாடு, நானும் பயன்படுத்துகிறேன். டிக்கெட்டை இணைத்தவர்கள், ரயிலை விட்டு இறங்கியதும் ஏறிக்கொள்ள ஒரு பேருந்தையும் இணைத்துவிட்டால் எங்கள் வாழ்க்கையே மாறிவிடும்.

இதற்குப் பெரிய செலவும் ஆகாது. மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2013-இலேயே சிற்றுந்துகளைக் கொண்டுவந்து, பெரிய பேருந்து போகாத தெருக்களிலும் ஓட்டிக் காட்டியது. சில மெட்ரோ நிலையங்களுக்கும் அவற்றை இணைப்பாக விட்டார்கள். அதே வண்டிகள் பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலைநகர் ஸ்டேஷன்களில் இருந்து உள்நகர்களுக்கு ஓட வேண்டும். நேரத்தை ரயில் அட்டவணையைப் பார்த்து வைக்க வேண்டும், கடைசி லோக்கல் வரும்வரை ஒரு வண்டியாவது நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் ஓட வேண்டும், ஏனென்றால் ஜவுளிக்கடையிலும் மருத்துவமனையிலும் வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. ஸ்டேஷனில் இருந்து ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு சாலையையாவது தேர்ந்தெடுத்து, மேடான நடைபாதையும் எரியும் விளக்கும் போட்டு, அது யார் பொறுப்பு என்பதை ஒரு பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

எல்லா ஸ்டேஷனிலும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. ஏதாவது ஒரு ஸ்டேஷனில் மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். இரவு வாசலில் நிற்கும் பைக்குகள் குறைகின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்த ஸ்டேஷனுக்குப் போகட்டும். எங்கள் மனுக்களுக்குப் பதில் வருவதில்லை. தங்கள் நாளிதழ் கேட்டால் வரும் என்று நம்பி எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு மாவட்டம்