கோலகுபுவின் வெள்ள வரலாறு நம் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண்டிறுதி மழை தொடங்கியதும் நம் நாளிதழ்கள் கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களின் வெள்ளச் செய்திகளை நாள்தோறும் வெளியிடுகின்றன. அங்குள்ள மக்களின் துயரம் பெரிது என்பதால் அது முறையே. ஆயினும், சிலாங்கூர் மாநிலத்தில், தித்திவாங்சா மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தில், ரப்பர்த் தோட்டங்களும் பின்னர் செம்பனைத் தோட்டங்களும் சூழ்ந்த கோலகுபு பாருவின் பேரிடர் வரலாற்றைத் தமிழில் படிக்க விரும்பும் ஒருவருக்குக் கிடைப்பது மிகக் குறைவு. வெள்ளத்துக்கு இரையான ஓர் ஊரின் மக்களைக் குடியமர்த்துவதற்காகவே அமைக்கப்பட்ட நகரம் இது என்பது, இங்கேயே பிறந்து வளர்ந்த நம் இளைஞர் பலருக்குத் தெரியவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கக்கூடியவர்களின் கவனத்துக்குக் கொண்டுசெல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பழைய கோலகுபு, சிலாங்கூர் ஆற்றங்கரையில், இன்று அம்பாங் பெச்சா என வழங்கும் பகுதியில் இருந்தது. ஊருக்கு மேலே பழங்காலத்து அணை ஒன்று நீரைத் தேக்கி வைத்திருந்தது. கடும் மழையில் 1883 அக்டோபர் 29 அன்று அந்த அணை உடைந்து, ஊர் வெள்ளத்தில் அழிந்தது. உயிர்கள் பல போயின. மாவட்டத்தை நிர்வகித்துவந்த ஆங்கிலேய அதிகாரி சிசில் ரேங்கிங்கும் அதில் மாண்டார். அவர் ஆற்றிலிருந்த வெள்ளை முதலையைச் சுட்டதால்தான் அணை உடைந்தது என்ற கதை இப்பகுதியில் இன்றும் சொல்லப்படுகிறது. கதை வாழட்டும். ஆனால் முதலையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அணையை மறந்துவிடுவது நமக்கு நல்லதன்று.

அந்த ஒரு நாள் அழிவைவிட, அதற்குப் பின் நடந்தவையே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஊர் மீண்டும் எழுந்தது, கடைத்தெரு வந்தது, ரயில் பாதையும் வந்தது. அதே காலத்தில், ஈயச் சுரங்கங்கள் கழித்துவிட்ட மண்ணும் மணலும் ஆற்றில் இறங்கி, ஆண்டுக்கு ஆண்டு படுகையை உயர்த்தின. படுகை உயர உயர, முன்பு ஆற்றுக்குள் அடங்கிய மழைநீர் தெருவுக்குள் நுழைந்தது. நுழைந்த நீர் வடியும்போது சேற்றை விட்டுச் சென்றது. அந்தச் சேற்றில் கட்டடங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் புதையத் தொடங்கின. தீவகற்பத்தின் பெரும்பகுதியை உலுக்கிய 1926ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் இங்கும் வந்தது. ஊரையே மேட்டு நிலத்துக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அரசு முடிவெடுத்தது. நியூசிலாந்தில் பிறந்தவரும், கூட்டு மலாய் மாநிலங்களின் அரசு நகரத் திட்டமிடுநராக 1921 முதல் பணியாற்றியவருமான சார்ல்ஸ் ரீட் வகுத்த திட்டத்தின்படி, பசுமைத் திடல்களோடு வீடுகளை அமைக்கும் பூங்கா நகரம் என்ற அக்காலப் புதிய கருத்தைத் தழுவிப் புது நகரம் உருவானது. 1930களின் தொடக்கத்தில் மக்கள் இடம் மாறினார்கள். இன்று நாம் மாலையில் நடக்கும் அகன்ற சாலைகளும் பசுமையான திடல்களும் அப்படி வந்தவை. மழை இயற்கையினுடையது, படுகையை உயர்த்திய மண் மனிதர் கொட்டியது. இதை மறைக்காமல் சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்த வரலாற்றில் நம் தோட்ட மக்களுக்கும் இடமுண்டு. ராசா, பத்தாங்காலி, கெர்லிங், களும்பாங் வட்டாரங்களில் ரப்பர் மரம் சீவியவர்களைவிட மழையைக் கூர்ந்து கவனித்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. பட்டை ஈரமாக இருந்தால் பால் சீவிய கோட்டில் நிற்காமல் வழியும், கிண்ணமான மங்கில் சேர்ந்த பாலையும் மழை கரைத்துவிடும், அன்றைய கூலியும் போய்விடும். மேற்குக் கரைப் பகுதிகளில் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பருவக்காற்று திசை மாறும்போதுதான் பிற்பகல் இடிமழை வலுக்கிறது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் தகரக் கூரைகளைப் பெயர்த்த காற்றும் பெரும்பாலும் அத்தகைய மழையோடு வந்ததே. 1883இல் அணை உடைந்ததும் அக்டோபர் கடைசியில்தான், நம் கணக்கில் ஐப்பசி அடைமழைக் காலம். எந்த ஓடை முதலில் கரை புரளும், எந்த லயத்துக்குள் நீர் முதலில் வரும் என்பதை அறிந்த முதியவர்கள், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வெவ்வேறு தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) பிரிந்து சென்றுவிட்டார்கள். அவர்கள் அறிந்ததை யாரும் முறையாகக் கேட்டுப் பதிவு செய்யவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இது பழங்கதையும் அன்று. 2021 டிசம்பரில் சிலாங்கூர் கண்ட வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு, 2022 டிசம்பர் 16 அதிகாலையில், இதே உலு சிலாங்கூர் மாவட்டத்தின் பத்தாங்காலியில் முகாம் தளத்தின் மீது மலைச்சரிவு இடிந்து விழுந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். முன் நாள்களில் தொடர்ந்து பெய்த மழைநீர் மண்ணுக்குள் ஊறி நிற்கும்போது சரிவு தன் பிடிப்பை இழக்கிறது. ஆகவே வானம் வெளுத்துவிட்டது என்பதற்காக மலையடிவாரம் பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது. மலையேறவும் அருவியில் குளிக்கவும் வார இறுதியில் இங்கு வரும் குடும்பங்களுக்கு இதை யார் சொல்கிறார்கள்?

நகராண்மைக் கழகத்துக்கும் வடிகால், நீர்ப்பாசனத் துறைக்கும் என் வேண்டுகோள் இதுதான். அம்பாங் பெச்சாவிலும் புது நகரிலும் 1883, 1926 வெள்ளங்களின் வரலாற்றைத் தமிழ் உட்பட நம் மக்கள் படிக்கும் மொழிகளில் பலகையாக வையுங்கள். ஆற்றோரத்தில் வெள்ளம் ஏறிய உயரத்தைக் கம்பங்களில் குறித்து, புதிய வீடமைப்புக்கு அனுமதி கேட்டு வருபவர் எவராயினும் அந்தக் குறியீட்டைப் பார்க்காமல் போக முடியாதபடி செய்யுங்கள். நகருக்கு மேலே பிற்காலத்தில் கட்டப்பட்ட சிலாங்கூர் ஆற்று அணை இன்று நிற்கிறது. அது பாதுகாப்பற்றது என்று நான் சொல்லவில்லை; ஆனால் ஒரு முறை அணை உடைந்து அழிந்த ஊரின் மக்களுக்கு, அவசர நேரத்தில் எச்சரிக்கை எப்படி வரும், எந்தச் சாலை வழியாக எந்த மேட்டுக்குப் போக வேண்டும் என்பதைத் தெளிவாக அறியும் உரிமை உண்டு. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த முதியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

நம் தரப்பிலும் ஒரு வேலை உண்டு. இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் சேர்ந்து, தோட்டங்களில் வாழ்ந்த முதியவர்களிடம் அவர்கள் பார்த்த வெள்ளம், புயல்காற்று, மண்சரிவு பற்றி மாணவர்களைக் கொண்டு கேட்டு எழுதவும், கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யவும் ஏற்பாடு செய்யலாம். தோட்டத்தின் பெயர், லயம் இருந்த இடம், நீர் ஏறிய உயரம், நினைவிருந்தால் ஆண்டு ஆகிய நான்கும் கிடைத்தாலே வரைபடத்தில் குறிக்கப் போதும். அவ்வாறு திரட்டப்படும் பதிவுகளைத் தங்கள் நாளிதழ் ஆண்டுதோறும் ஐப்பசி மாதத்தில் வெளியிட முன்வந்தால், உலு சிலாங்கூர் வாசகர்கள் நன்றியுடன் அனுப்பிவைப்பார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்தில் பிறந்த வாசகர்,
கோலகுபு பாரு, சிலாங்கூர்