பேத்திக்கு எந்தப் பெயர்?

அன்பு மகள் மீனாட்சிக்கு,

நீயும் குழந்தையும் நலம் என்பதை உன் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பச்சை உடம்பு, குளிர்ந்த தண்ணீரில் கை வைக்காதே என்று நூறு முறை எழுதச் சொல்லியிருக்கிறாள் உன் அம்மா. ஒரு முறை எழுதிவிட்டேன், மீதியை நீயே படித்ததாக வைத்துக்கொள்.

பிரசவத்துக்குப் பிறகு நீ அனுப்பிய மின்னஞ்சலில் உன் பெயருக்கு முன்னால் பழையபடி என் இன்ஷியல் இருந்தது. கல்யாணமானதும் நீயாகவே ஆசைப்பட்டுச் சேர்த்துக்கொண்ட, மாப்பிள்ளையின் குடும்பப் பெயரான வெட்டர்பர்ன் இல்லை. என் எழுத்து திரும்பி வந்ததில் எனக்குச் சந்தோஷமே இல்லை என்றால் அது பொய். ஆனால் அந்தக் குடும்பத்தார் ஜமைக்காவில் அடிமைகளை வைத்துக் கரும்புத் தோட்டம் நடத்தியவர்கள் என்று அறிந்ததிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லவே கூசுகிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம். ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன் வீட்டிலேயே உட்கார்ந்திருக்க, இதைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா உனக்கு?

உன் கல்யாணப் பந்தியில் நான் இலை இலையாகப் போய், 1889இலும் 1910இலும் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய வில்லியம் வெட்டர்பர்னின் பெயர் இது என்று சொல்லிக்கொண்டு திரிந்தது உனக்கு நினைவிருக்கும். அந்தப் பெருமை இன்றும் குறையவில்லை. ஆனால் அவருடைய தாத்தா ஜானின் கதையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 1746இல் ஸ்காட்லாந்தின் கல்லோடன் போரில் அரசை எதிர்த்துத் தோற்ற பக்கம் நின்றதற்காக ஜானின் தகப்பனாரை லண்டனில் தூக்கிலிட்டார்கள். நிலமும் பட்டமும் பறிபோக, மகன் ஜமைக்காவுக்குத் தப்பிப் போனார். அரசிடம் அவ்வளவு கொடுமையை அனுபவித்த குடும்பம், அங்கே போய் அதைவிடப் பெரிய கொடுமையைத் தொழிலாகவே நடத்தியது. 1762இல் ஜோசப் நைட் என்ற ஆப்பிரிக்கச் சிறுவனை விலைக்கு வாங்கிய ஜான், பின்னர் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷையரில் பாலிண்டீன் பண்ணையை வாங்கிக் குடியேறியபோது அவரையும் உடன் வைத்துக்கொண்டார். நைட் விடுதலை கேட்டு வழக்காடினார். ஸ்காட்லாந்துச் சட்டத்தில் அடிமைத்தனத்துக்கு இடமில்லை என்று 1778இல் எடின்பரோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உன் வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில்தான் இவ்வளவும் நடந்திருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஜானின் தம்பி ஜேம்ஸைப் பற்றி. அவர் ஜமைக்காவில் ரோசானா என்ற அடிமைப் பெண்ணைக் கர்ப்பமாக்கிவிட்டு, வயிற்றில் பிள்ளையோடு விற்றார். பிறக்கும் குழந்தைக்கு மட்டும் விடுதலை என்று பேச்சு. அந்தக் குழந்தைதான் ராபர்ட் வெட்டர்பர்ன். வளர்ந்து, லண்டனில் தையல் வேலை செய்து வயிறு வளர்க்க முடியாமல், பெற்றவரிடம் உதவி கேட்டு, அவர் குடியிருந்த ஸ்காட்லாந்தின் இன்வெரெஸ்க் வரை போனார். ஜேம்ஸ் அவரை மகன் என்று ஏற்கவில்லை. வேலைக்காரர் கையால் ஒரு குவளை மட்டமான பீரும், ஒரு விரிசல் விட்ட ஆறு பென்ஸ் நாணயமும் கிடைத்தன. செல்லாத காசைப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள், மீனாட்சி! 1824இல் அடிமைமுறையின் கொடூரங்களைப் பற்றி அவர் வெளியிட்ட சிறு நூலில் வெட்டர்பர்ன் என்றே கையெழுத்திட்டார். அவர் எனக்கு உறவே இல்லை என்று பத்திரிகைக்கு எழுதினார் ஜேம்ஸின் முறைப்படிப் பிறந்த மகன் ஆண்ட்ரூ. அந்த ஆண்ட்ரூவோ தாய்வழிச் சொத்தை ஒட்டி 1814லேயே கொல்வில் என்று பெயரை மாற்றிக்கொண்டவர். சர்க்கரை வியாபாரத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பெயரை விட்டவர் யார், விடாமல் பிடித்துக்கொண்டவர் யார் என்று பார். இப்போது நீயும் கூச்சப்பட்டு அதை உதறினால், அவமானம் ஜானுக்கும் ஜேம்ஸுக்கும் அல்ல. ராபர்ட்டைத்தான் இன்னொரு முறை வாசலோடு திருப்பி அனுப்புகிறாய்.

இன்னொன்று. 1833ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகளை விடுவித்தபோது நட்டஈடாக இரண்டு கோடி பவுன் உடைமையாளர்களுக்குப் போனது. உழைத்தவர்களுக்கு ஒரு பென்னி இல்லை. அதற்காக அரசு வாங்கிய கடன் முழுமையாக அடைந்தது 2015இல். நீ அங்கே வேலைக்குச் சேர்ந்து வரி கட்டத் தொடங்கிய பிறகு! பெயரை எடுத்துவிட்டால் கணக்கு தீர்ந்ததா, சொல்.

எனவே பதிவு அலுவலகத்துக்குப் போவதற்கு முன் நன்றாக யோசி. இருபத்தொரு நாள் அவகாசம் உண்டு என்கிறான் தம்பி. பேத்திக்கு வெட்டர்பர்ன் என்றே வை, ஆனால் தாத்தா ஜானையும் பேரன் வில்லியமையும் மட்டுமல்ல, ராபர்ட்டையும் நைட்டையும் சேர்த்தே அவளுக்குச் சொல்லி வளர். இல்லை, என் இன்ஷியல்தான் வேண்டும் என்றால் தாராளமாக வை. அது கோபத்தில் எடுத்த முடிவாக மட்டும் இருக்க வேண்டாம். யோசித்துச் செய் என்று மறுபடியும் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை எந்தக் கிளையைச் சேர்ந்தவர் என்பது அவருக்கே தெரியாது என்று முன்பு சிரித்துக்கொண்டே சொன்னார். இருநூறு வருடத்துக்கு முந்தையவர்கள் செய்ததற்கு அவரைக் கூண்டில் ஏற்றும் பெண் அல்ல நீ. அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. குழந்தையின் படங்கள் எதிலும் அவரைக் காணோம் என்று உன் அம்மா சொல்கிறாள். பெரிய அத்தை விஷயத்தில் நாமெல்லாரும் வாய் மூடி இருந்தது போதும். பெயரைப் பதிவு செய்யப் போகும்போது அவரும் உடன் வருகிறாரா என்பதை மட்டுமாவது எனக்கு நேராக எழுது.

அன்புடன்,
அப்பா