தாய்வீட்டுக்குப் போகும் மாத்திரை

ஆசிரியருக்கு வணக்கம்.

கர்ப்பிணிகள் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வரத் தயங்குவதாகத் தங்கள் கட்டுரையில் படித்தேன். முக்கூடல் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். எங்கள் பக்கத்துப் பெண்கள் வந்துவிடுகிறார்கள். மகப்பேறு நிதியுதவிக்குக் கர்ப்பப் பதிவு எண் வேண்டும். டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஒரு நாள் பீடிக்கூலிதான் போகும் (அது சின்னத் தொகையா என்பது வேறு கதை). முடிவு தெரிந்த பிறகுதான் சிக்கல்.

தலைப்பிரசவம் நமக்குத் தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்த கையோடு அழைத்துப் போய்விடுவார்கள். கணவனுக்கு மட்டும் தெரிந்த விஷயம் அங்கே யாருக்கும் தெரியாது. அப்படிப் போன ஒரு பெண்ணைப் பார்க்கச் சென்றேன். மடியில் சுளகு, கையில் கத்தரி, பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். அம்மா காபி போட உள்ளே போனதும் பவுடர் டப்பாவைத் திறந்து காட்டினாள். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து மாத்திரை ஐந்தே ஐந்து. மாத்திரை வாங்கப் பாளையங்கோட்டைக்குப் போக என்ன காரணம் சொல்வதென்று தெரியாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கியிருக்கிறாள். "அக்கா, சத்து மாத்திரை என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்" என்றாள். சொன்னேன்.

சிகிச்சையே இல்லாவிட்டால் நூற்றில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்று வரலாம். நாள் தவறாமல் மாத்திரை எடுத்தால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும். 2014 முதல் தொற்றுள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்த மருந்து இலவசம், ஆயுள் முழுக்க. குழந்தைக்கும் பிறந்தவுடன் தொற்றைத் தடுக்கும் நெவிரபின் சிரப், குறைந்தது ஆறு வாரம். கணவன் வாங்கி வரலாமே என்பார்கள். அடிக்கடி மாமியார் வீட்டுக்கு வரும் மருமகனை ஊர் சும்மா விடுமா?

பிள்ளை பிறந்தால் சேனை வைக்கப் பாட்டி சீனித்தண்ணீரோடு நிற்பார். அடுத்து பசும்பால். ஆனால் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்க வேண்டும். வேறு பாலோ தண்ணீரோ கலந்தால் தொற்று அபாயம் கூடும். காரணம் சொல்லாமல் பாட்டியின் கையை எப்படித் தடுப்பாள்?

இத்தனை ரகசியம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு மருத்துவமனையில் கர்ப்பிணியின் அட்டை மேலேயே எச்.ஐ.வி. என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். சம்மதமில்லாமல் விவரத்தை வெளியிடக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம்.

பரிசோதனை செய்பவர்களுக்கு என் வேண்டுகோள்: முதல் பரிசோதனையிலேயே வளைகாப்பு எப்போது, தாய்வீடு எந்த ஊர் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிரசவம் வரைக்குமான மாத்திரையை மொத்தமாகக் கொடுத்தனுப்புங்கள். அந்த ஊர்ச் செவிலியருக்கு மட்டும் ஒரு போன் போதும். அட்டையில் எதுவும் எழுத வேண்டாம்.

- ஓய்வுபெற்ற செவிலியர், முக்கூடல்