குட்டை டயரும் ஊர்ச் சாலையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கார் டயர் மாற்றும்போது அளவையும் கூட்டிப் போட்டால் வண்டி எடுப்பாக இருக்கும் என்று கேட்போரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி டயர் கடைகளில் அடிக்கடி காண்கிறேன். தேசிய நெடுஞ்சாலையிலேயே ஓடும் காருக்குப் பக்கச்சுவர் குட்டையான டயரும் பெரிய தொல்லை தராது. ஆனால் அஞ்செட்டி, பென்னாகரம், அரூர் பக்கத்து ஊர்ச் சாலைகளில் நாள்தோறும் இறங்க வேண்டியவர்கள், டயரைப் பெரிதாக்குவதைவிட ரிம்மைச் சிறிதாக்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

195/55 ஆர் 16 டயரில் 195 என்பது மில்லிமீட்டரில் அகலம்; கடைசியில் வரும் 16 அங்குலத்தில் ரிம்மின் விட்டம். பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், அதாவது 107 மி.மீ.தான். சில கார்களில் விலை குறைந்த ரகத்துக்கு வரும் 185/65 ஆர் 15 டயரில் அது 120 மி.மீ. இரண்டுக்கும் மொத்த விட்டம் ஏறக்குறைய 621 மி.மீ. என்பதால் ஸ்பீடோமீட்டர் கணக்கும் மாறுவதில்லை. பக்கச்சுவர் குட்டையாக இருந்தால், குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே அது நசுங்கி, உள்ளிருக்கும் நூலிழைகள் அறுந்து, எலுமிச்சங்காய் அளவுக்குக் கொப்புளம் எழும்பிவிடுகிறது. அந்த டயருக்கு ஒட்டுப்போட வழியில்லை; தரையில் படும் பட்டன் தேயாமல் புதிதாகவே இருந்தாலும் கழித்துவிட வேண்டியதுதான்.

விலையிலும் 15 அங்குல டயர் பொதுவாகக் குறைவு; இரும்பு ரிம் சற்று வளைந்தாலும் தட்டி நிமிர்த்தலாம். நான்கு ரிம் வாங்கும் செலவு முதலில் உண்டு, மறுக்கவில்லை. கழற்றிய அலாய் ரிம்களை நல்ல நிலையிலேயே விற்றால் அதில் ஒரு பகுதி ஈடாகும். மேல் ரகக் கார்களில் பிரேக் டிஸ்க் பெரிதாக இருக்கக்கூடும் என்பதால், ஒரு ரிம்மை மாட்டிச் சுற்றிப் பார்த்து, இடிக்கவில்லை என்று உறுதியான பிறகே வாங்க வேண்டும்.

மாறாக, 185/65 ஆர் 15 இருந்த இடத்தில் 205/65 ஆர் 15 போட்டால் விட்டம் 26 மி.மீ. கூடுகிறது. ஆளும் மூட்டையும் ஏறிய நிலையில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் உள்ளே உரசக்கூடும். மீட்டர் 80 காட்டும்போது வண்டி முன்னைவிட ஏறக்குறைய 3 கி.மீ. கூடுதல் வேகத்தில் ஓடும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இதை அற்பமாக எண்ண முடியாது. டயரில் அளவை அடுத்து அச்சிட்டிருக்கும் சுமை எண்ணையும் பலர் பார்ப்பதில்லை: 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 82 என்றால் 475 கிலோதான்.

ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் பெரும்பாலான கார்களில் டயர் அளவும் காற்றழுத்தமும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். டயர் கடைக்காரர்கள் முதலில் அதைப் பார்த்து, புது டயரின் விட்டத்தையும் சுமை எண்ணையும் பழையதோடு ஒப்பிட்டு வாடிக்கையாளரிடம் விளக்கி, பில்லிலும் எழுதித் தர வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பென்னாகரம்,
தருமபுரி மாவட்டம்.