காம்பு நாலு விரல் இருக்கட்டும், அப்பா

கென்ட்வில், நோவா ஸ்கோஷியா, கனடா
அக்டோபர் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். நீங்கள், அம்மா, அப்பத்தா, தம்பி எல்லோரும் நலம்தானே? போனில் பேசினால் சாப்பாட்டையும் மழையையும் கேட்பதற்குள் நேரம் போய்விடுகிறது. போன வாரம் நீங்கள் அரசாணிக்காய்க் கொடி நன்றாக ஓடியிருக்கிறது, மார்கழிக் கடைசியில் அறுப்பு வந்துவிடும் என்றீர்கள். அன்றிலிருந்து உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று மனசில் கிடக்கிறது. போனில் சொன்னால் பாதிதான் காதில் விழும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அப்பத்தாவும் கேட்கட்டும்.

முதலில் இங்கத்து விளைச்சலைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் இந்த வருஷம் 27 பூசணிக்காய். அதில் 11 சுகர் பை என்கிற சின்ன உருண்டைக் காய், 14 பட்டர்நட், 2 ஹப்பர்ட். பட்டர்நட்டைப் பார்த்தால் சுரைக்காய் மாதிரி கழுத்து நீண்டு, சந்தன நிறத்தில் இருக்கும். ஆனால் அதுதான் நம் அரசாணிக்குப் பங்காளி, இரண்டும் ஒரே இனம். இலையில் அதே வெள்ளைத் திட்டு. காயைத் தொடுகிற இடத்தில் காம்பு பாதம் மாதிரி அகன்று உட்கார்ந்திருக்கும், நம் காயில் இருப்பது போலவே. முதல் வருஷம் அந்தக் காம்பைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டுபிடித்தேன். அன்றைக்கு வைத்த புளிக்குழம்பை உங்கள் மாப்பிள்ளை மூன்று தரம் ஊற்றிச் சாப்பிட்டார்.

இங்கே விதைப்புப் பட்டம் என்றால் ஒன்றே ஒன்றுதான், அப்பா. மே மாதக் கடைசி வரை உறைபனி விழும். விதையை மே நடுவில் ஜன்னல் ஓரமாகக் கோப்பையில் போட்டு, ஜூன் முதல் வாரத்தில் நாற்றைத் தரையில் வைத்தோம். அக்டோபர் முதல் வாரத்தில் மறுபடி உறைபனி வந்துவிடும். நடுவில் கிடைப்பது நாலு மாதம். பட்டர்நட்டுக்கு நூறு நாளுக்கு மேல் வேண்டும், ஆக ஒரு வாரம் பிந்தினாலும் காய் முற்றாது. அதனால் இந்த ஊர்க்காரர்கள் செப்டம்பர் பிறந்தாலே தினமும் வானத்தைப் பார்ப்பார்கள், ராத்திரிக்கு எத்தனை டிகிரி என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் ஐப்பசியில் மேற்கே மேகம் பார்க்கிற மாதிரிதான்.

போன வருஷம் நடந்ததை உங்களிடம் சொல்லவில்லை. 19 காய் காய்த்தது. நன்றாக முற்றட்டும் என்று விட்டுவைத்தேன். ஒரு ராத்திரி பனி விழுந்து, காலையில் கொடியெல்லாம் வெந்நீர் ஊற்றியது போலக் கறுத்துத் தொங்கியது. காய் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. அவசரம் அவசரமாக ஒவ்வொன்றையும் காம்பைப் பிடித்துத் தூக்கினேன், நாலைந்து காய்க்குக் காம்பு கையோடு வந்துவிட்டது. எல்லாவற்றையும் கார் நிறுத்துகிற கொட்டகையில் சிமெண்டுத் தரையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். பக்கத்திலேயே இரண்டு பெட்டி ஆப்பிள். இந்த அன்னாபொலிஸ் பள்ளத்தாக்கே ஆப்பிளுக்குப் பேர் போனது, சீசனில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். டிசம்பர் பிறப்பதற்குள் 13 காய் அழுகிவிட்டது. தொட்டால் விரல் உள்ளே போனது. நாலு மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்ததை வாளியில் அள்ளி உரக்குழியில் கொட்டினேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார், 81 வயது. தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். நான் கொட்டுவதை வேலிக்கு அந்தப்பக்கமிருந்து பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் குறை சொல்லவில்லை. அடுத்த வருஷம் அறுப்பதற்கு முன் என்னைக் கூப்பிடு என்று மட்டும் சொன்னார். இந்த வருஷம் கூப்பிட்டேன்.

அவர் வந்து முதலில் செய்தது என்ன தெரியுமா? காயின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். அப்பத்தா செய்வாரே, அதே மாதிரி! நகம் இறங்கினால் காய் இன்னும் பிஞ்சு, தோலில் கோடுகூட விழாவிட்டால் முற்றியது. அப்புறம் காம்பைப் பார்த்தார். பச்சை போய், தக்கை மாதிரி காய்ந்து பழுப்பேறியிருக்க வேண்டும். காய்க்கு அருகில் இருக்கிற பற்றுக்கம்பி சுருண்டு காய்ந்திருக்க வேண்டும். மெல்லப் புரட்டி அடியைப் பார்த்தார். மண்ணில் பட்டுக் கிடந்த இடம் வெள்ளையாக இருந்தால் விட்டுவிட வேண்டும், வெண்ணெய் மாதிரி மஞ்சளேறியிருந்தால் அறுக்கலாம். பட்டர்நட்டில் இன்னொரு அடையாளம், காம்பைச் சுற்றி இருக்கிற பச்சைக் கோடுகள் மறைந்து உடம்பு முழுக்க ஒரே நிறமாகிவிடும். நிறத்தை மட்டும் நம்பாதே என்று இரண்டு தரம் சொன்னார். நிறம் முன்னாலேயே வந்துவிடும், தோல் முற்றுவது அதற்கப்புறம்தானாம். நான் பிஞ்சு பிடித்த தேதியை ஒவ்வொரு காய்க்கும் குச்சியில் எழுதி நட்டிருந்தேன். எண்ணிப் பார்த்தால் நகம் இறங்காத காய் எல்லாம் 50 நாளை ஒட்டி இருந்தது. தம்பியும் இப்போதே பத்துக் காய்க்குக் குச்சி நட்டு வைக்கட்டும். வியாபாரி வந்து காய் ஆகிவிட்டது, ஏற்றிவிடலாம் என்று அவசரப்படுத்தினால், நாள் கணக்கு நம் கையில் இருக்கும்.

அறுக்கும்போது கத்தரிக்கோலால் காம்பை நாலு விரல் நீளம் விட்டு வெட்டச் சொன்னார். இதில் அவர் ரொம்பக் கண்டிப்பு. காம்பு ஒடிந்த இடம் திறந்த வாய், கிருமி அந்த வழியாகத்தான் உள்ளே போகும். காம்பைப் பிடித்துத் தூக்கவும் கூடாது, குழந்தையைத் தூக்குகிற மாதிரி அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். ஒடிந்துபோனதையும் தோல் கீறியதையும் தனியாக வைத்து முதலில் சமைத்துவிட வேண்டும். பனி விழுவதாகச் சொன்ன ராத்திரிக்கு முந்தின நாள் மத்தியானமே எல்லாவற்றையும் அறுத்து முடித்தோம்.

அறுத்தவுடன் நேரே அறைக்குள் வைக்கக் கூடாதாம். போன வருஷம் எனக்குத் தெரியாமல் போனது இதுதான். மண்ணை உலர்ந்த துணியால் துடைத்து, பத்து நாள் வெதுவெதுப்பான இடத்தில் ஆற வைக்க வேண்டும். 27, 28 டிகிரி சூடு, நல்ல காற்று. அந்தப் பத்து நாளில் தோல் இறுகும், சின்னக் கீறல் இருந்தால் மேலே தோல் கட்டிக்கொள்ளும், காம்பு முழுக்கக் காய்ந்துவிடும். அக்டோபரில் இங்கே வெளியே அவ்வளவு சூடு ஏது? முன்பக்கத்துக் கண்ணாடித் திண்ணையில் பரப்பி, ராத்திரியில் ஹீட்டர் போட்டோம். உங்கள் பேத்தி தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பாள்.

அதற்கப்புறம் நிலவறை. இங்கே வீட்டுக்கு அடியில் ஓர் அறை இருக்கும், குளிர்காலத்திலும் உறையாது. 10லிருந்து 13 டிகிரி வரை இருந்தால் காய்க்கு நல்லது. அதற்குக் கீழே போனால் குளிர் தாக்கி, வெளியே தெரியாமல் உள்ளேயே கெட்டுவிடும். அதனால் முழுக் காயை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. மரப்பலகையில் அட்டை விரித்து, ஒன்றோடு ஒன்று உரசாமல் ஒரே வரிசையாக வைத்திருக்கிறேன். ஆப்பிள் பெட்டி மேல்மாடிக்குப் போய்விட்டது. ஆப்பிள் எத்திலீன் விடும் அல்லவா, வாழைத்தாருக்கு அறையில் விடுவார்களே, அதே வாயுதான். பக்கத்தில் இருக்கிற காயைச் சீக்கிரம் மூப்பாக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்க் காம்புப் பக்கத்தை அழுத்திப் பார்க்கிறேன். மெத்தென்று இருந்தால் அன்றைக்கே குழம்பு.

சுகர் பை இரண்டு, மூன்று மாதம் நிற்கும். பட்டர்நட் அதைவிடக் கூடவே தாங்கும், வைக்க வைக்க இனிப்பும் ஏறும், மாவு சர்க்கரையாக மாறுவதால். ஹப்பர்ட் சாம்பல் நீல நிறம், உடம்பெல்லாம் கரடு, ஆறு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கும். தோல் அவ்வளவு கெட்டி. பாட்டி அதைக் கோணிப்பையில் போட்டுக் கல் படியில் ஓங்கிப் போட்டுத்தான் உடைப்பார். பனிக்காலத்தில் ஐந்து மாதம் மண்ணில் ஒரு பச்சைத் தழைகூடக் கிடையாது, அப்பா. அந்தக் காலத்தில் இவர்கள் இந்தக் காயையும் உருளைக்கிழங்கையும் வைத்துத்தான் வசந்தம் வரை ஓட்டியிருக்கிறார்கள். அதனால்தான் காம்பில் அவ்வளவு கண்டிப்பு என்று இப்போது புரிகிறது.

இந்த ஊர்ப் பக்கம் பூசணி என்றால் தனிப் பிரியம். பக்கத்தில் வின்ட்சர் என்று ஓர் ஊர். அங்கே ஹோவர்ட் டில் என்ற விவசாயி 1979 முதல் 1982 வரை நாலு வருஷமும் உலகத்திலேயே பெரிய பூசணி வளர்த்துக் காட்டியவர். 1981இல் அவருடைய காய் 220 கிலோவுக்கு மேல். அவர் உருவாக்கிய அட்லாண்டிக் ஜயன்ட் விதை உலகம் முழுக்கப் போய், இன்றைக்கு அந்த வழியில் வந்த காய் ஆயிரம் கிலோவைத் தாண்டிவிட்டது. அந்த மாதிரிக் காயைக் குடைந்து படகாக்கி ஏரியில் துடுப்புப் போடுகிற பந்தயம்கூட 1999இல் வின்ட்சரில் ஆரம்பித்தார்கள். இன்னும் ஐந்து நாளில் ஹாலோவீன். வாசலுக்கு வாசல் பூசணியில் கண்ணும் மூக்கும் வெட்டி உள்ளே விளக்கு வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் மறுநாளே எத்தனையோ காய் குப்பைக்குப் போகும். அது எனக்கு இன்னும் மனசுக்கு ஒப்பவில்லை. வெட்டிய காயை மாட்டுக்கும் பன்றிக்கும் வாங்கிக்கொள்கிற பண்ணைகள் இருக்கின்றன. எங்கள் தெருக் காயை எல்லாம் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று பாட்டியும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். போன தை மாதம் பொங்கல் முடிந்த மறுநாளே ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் விலை விழுந்து, வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாது என்று மிச்சக் காயை வரப்பில் குவித்துவிட்டு வந்தீர்களே. மாசியில் எல்லாம் வெயிலில் வெந்து அழுகிப்போனது என்று அம்மா சொன்னார். போன டிசம்பரில் நான் வாளியில் அள்ளியதும், நீங்கள் வரப்பில் விட்டதும் எனக்கு ஒரே துக்கமாகத்தான் இருக்கிறது.

இந்த வருஷம் நூறு காயை மட்டும் தனியாக வையுங்கள். நீங்கள் போட்டிருப்பது கோ 2 ரகம்தானே, சின்னக் காய், வைப்பதற்குத் தோது. நகம் இறங்காததாகப் பார்த்து, நாலு விரல் காம்போடு நீங்களே அறுங்கள், வியாபாரியின் ஆளிடம் விடாதீர்கள். அவர்கள் காம்பை ஒட்ட முறித்து வண்டிக்குத் தூக்கிப் போடுவார்கள். நம் ஊர்ச் சூட்டில் ஹீட்டர் தேவையில்லை, வேப்பமரத்து நிழலில் பத்து நாள் ஆற வைத்தால் போதும், வெயில் நேராகப் படக் கூடாது, இரவுப் பனிக்கு மேலே சாக்கு போடுங்கள். பிறகு சாளையில் வடக்குப் பக்கத்து அறை இருக்கிறதே, அங்கே மூங்கில் தட்டி கட்டி வைக்கோல் பரப்பி, இடைவெளி விட்டு வையுங்கள். எலிக்கு மட்டும் வழி பார்க்க வேண்டும். நம் ஊரில் 13 டிகிரிக்கு எங்கே போவது, இங்கே நிற்கிற அளவு நிற்காதுதான். ஆனால் அப்பத்தா உறியில் தொங்கவிட்ட அரசாணிக்காயைப் பங்குனி வரை சமைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நூறில் எழுபது பங்குனியைப் பார்த்தால்கூட, விலை விழுந்த நாளில் விற்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் போகுமே. தட்டிக்கும் கூலிக்கும் நான் பணம் அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

அப்பத்தாவிடம் ஒன்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். சாம்பல் பூத்த பூசணிக்காயை உறியில் வைக்கும்போது காம்பு மேலே பார்க்கிற மாதிரி வைப்பாரா, பக்கவாட்டில் படுக்க வைப்பாரா? பாட்டி கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று தம்பி மறைக்காமல் எழுதட்டும்.

அன்புடன்,
உங்கள் பாப்பா