பாப்பாவின் மலையும் ஆறும்

ஹாமில்டன், நியூசிலாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? போன வாரம் போனில், "பிள்ளைக்கு இங்கிலீஷ் போதாதா, மாவோரி எதற்கு?" என்று கேட்டீர்கள். அவசரத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன்.

அது இந்த மண்ணின் பாஷை அப்பா. பாப்பாவின் பள்ளியில் காலையில் மாவோரியில் கரக்கியா என்கிற பிரார்த்தனை சொல்லி, ஒரு பாட்டும் பாடிய பிறகுதான் பாடம். மேசைமேல் உட்கார்ந்தால் டீச்சர் எழுப்பிவிடுவார். சாப்பாடு வைக்கிற இடத்தில் உட்காரக் கூடாதாம். அம்மா எங்களை அதட்டுவாளே, அதேதான். பெரிய வகுப்புப் பெண் ஒருத்தி பாப்பாவுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லித்தருகிறாள். அவள் டுவாக்கானா, இவள் டெய்னா. அக்கா, தங்கை என்று அர்த்தம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சிஸ்டர்தான். இவர்களிடம் நம்மைப் போலத் தனித்தனிச் சொல் இருக்கிறது.

தன்னை அறிமுகம் செய்துகொள்வதை பெப்பெஹா என்கிறார்கள். முதலில் மலையைச் சொல்லி, ஆற்றைச் சொல்லி, குடும்பத்தைச் சொல்லி, கடைசியில்தான் தன் பெயர். இங்கே ஊருக்கு நடுவே வைகாட்டோ ஆறு ஓடுகிறது. பாப்பா அதைச் சொல்லப் போனாள். டீச்சர், "உன் தாத்தா ஊர் ஆறு எது?" என்று கேட்டிருக்கிறார். மறுநாள் பிள்ளை எழுந்து நின்று, பொதிகை, தாமிரபரணி என்று சொன்னாளாம். 'ழ' வராத பிள்ளைக்கு 'தாமிரபரணி' திக்காமல் வந்திருக்கிறது!

இதெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. 1867இல் வந்த சட்டத்தால் மாவோரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில்தான் பள்ளிக்கூடம். பள்ளியில் தாய்மொழி பேசியதற்கு அடி வாங்கிய பிள்ளைகள் ஏராளம். டீச்சரின் பாட்டியும் அதில் ஒருவர். அந்தப் பயத்தில் தன் பிள்ளைகளிடம் மாவோரி பேசவே இல்லையாம். 1972இல் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டு, பள்ளியில் மொழியைச் சொல்லிக்கொடுங்கள் என்று பாராளுமன்றத்தில் மனு கொடுத்தார்கள். 1982இல் சின்னக் குழந்தைகளுக்காக 'மொழிக் கூடு' என்று மாவோரி பேசும் மழலையர் பள்ளிகளைத் தொடங்கினார்கள். 1987இல்தான் மாவோரி ஆட்சிமொழியானது. டீச்சரே வளர்ந்து பெரியவரான பிறகுதான் மாவோரி படித்துக்கொண்டாராம். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. எனக்கும் தாங்கவில்லை.

அப்புறம், மட்டாரிக்கி. நம்ம கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கு இவர்கள் வைத்த பெயர். நாம் ஆறு என்போம், இவர்கள் ஒன்பது என்கிறார்கள். குளிர்காலத்தில் விடியுமுன் அது கீழ்வானத்தில் தெரிந்தால் புதுவருஷம். 2022 முதல் அரசு விடுமுறையும் உண்டு. ஆறு மணிக்குப் பள்ளி மைதானத்தில் நின்றோம். புல்லெல்லாம் உறைபனி. அவித்த சீனிக்கிழங்குப் பாத்திரத்தைத் திறந்து ஆவியை வானத்துக்கு விட்டார்கள், நம்ம படையல் மாதிரி. பிறகு அந்த வருஷம் இறந்தவர்களின் பெயரை ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். நான் வாயைத் திறக்குமுன் பாப்பா ஆச்சியின் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். சுற்றி நின்றவர்கள், அம்மாவைப் பார்த்தே இராதவர்கள், தலைகுனிந்து நின்றார்கள்.

அடுத்த டேர்மில் வம்சவழி சொல்ல வேண்டுமாம். உங்கள் தாத்தா பெயர் வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அதற்கு மேலேயும், அம்மா வழியிலும், உங்கள் கையெழுத்திலேயே எழுதி அனுப்புங்கள். ஆச்சிமார் பெயர்களை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் மகள்