ஐசியூவை விட்டுப் போகலாமா?

அம்பத்தூர், சென்னை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உன் மாமியாருக்கு முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. மகள் நர்சிங் படிக்க ஆசைப்படுவதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன். இப்போது யோசனை சொன்னால் அதில் என் குழப்பமும் கலந்துவிடும். பதினாறு ஆண்டுகளாக ஒரே மருத்துவமனையின் ஐசியூவில் இருந்தவள், அதை விட்டுவிட்டு வீடு வீடாகச் சென்று பார்க்கும் வலி தணிப்புச் சிகிச்சைக் குழுவில் சேரலாமா என்று கேட்டதற்கு, "இக்கரைக்கு அக்கரை பச்சை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அதை நான் ஏற்கவில்லை. ஆனால் அக்கரையை ஒருமுறை போய்ப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

சென்ற வாரம் என் ஓய்வு நாளில், அந்தக் குழுவின் செவிலியர் ஒருவருடன் வியாசர்பாடிக்குப் போனேன். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துக்குள் நடந்தோம். ஒற்றை அறை வீடு. வாய்ப் புற்றுநோய் கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்ட பெரியவர் ஒருவர் படுத்திருந்தார். புண்ணின் நாற்றத்தினால் பேரப்பிள்ளைகள்கூட வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள் என்று அவர் மனைவி தாழ்ந்த குரலில் சொன்னார். ஒட்டிப் போயிருந்த துணியைச் சலைனால் நனைத்துவிட்டு, அந்தப் பெண் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து அந்த அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நானாக இருந்தால் இரண்டாவது நிமிடத்திலேயே பிரித்திருப்பேன். பிறகு, சீதபேதிக்கு நாம் கொடுப்போமே, அதே மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடியாக்கிப் புண்ணின் மேல் தூவிக் கட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இன்னும் விடவில்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒன்று கொடுக்கச் சொன்ன மார்ஃபின் மாத்திரையை, பழக்கமாகிவிடும் என்ற பயத்தில், அவர் வலி தாங்காமல் அழும்போது மட்டுமே அந்த அம்மா கொடுத்துவந்திருக்கிறார். இந்தப் பெண் கடிந்துகொள்ளவில்லை. நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஐந்து கடிகாரங்கள் வரைந்தார்: காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. இரவு பத்துக்கு மட்டும் இரண்டு மாத்திரை. அப்போதுதான் நடுநிசியில் அவரையும் எழுப்ப வேண்டாம், நீங்களும் தூங்கலாம் என்று விளக்கி, மார்ஃபினால் வரும் மலச்சிக்கலுக்கான மருந்தை நிறுத்தவே கூடாது என்று இரண்டு முறை சொன்னார். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் இந்த மாத்திரை வெகு காலம் எளிதில் கிடைக்காமல் இருந்ததும், 2014இல் சட்டத்தைத் திருத்தித் தளர்த்தியதும் நாம் அறிந்ததே. கைக்கு எட்டிய பிறகும் அது வாய்க்குப் போய்ச் சேர ஒரு நாட்காட்டித் தாள் தேவைப்படுகிறது என்பதை அன்றுதான் கண்டேன்.

இனி என் பயத்தைச் சொல்கிறேன். ஐசியூவில் என் காதுதான் பாதி வேலையைச் செய்கிறது. திரும்பிப் பார்க்காமலேயே, எந்தப் படுக்கையில் சிரிஞ்ச் பம்ப் முடிகிறது, எந்த வென்டிலேட்டர் சளி உறிஞ்சும் சக்‌ஷனுக்காகக் கத்துகிறது என்று சொல்லிவிடுவேன். அந்த வீட்டில் எந்த ஒலியும் இல்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் மட்டும் கேட்டது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. முப்பத்தொன்பது வயதில் மறுபடியும் ஜூனியராகி, ஒரு சின்னப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டுக் கற்க வேண்டியிருக்குமே என்ற கூச்சம், சம்பளக் குறைவைவிட அதிகமாக உறுத்துகிறது.

சம்பளக் கணக்கை என் வீட்டுக்காரர் போட்டுவிட்டார். மாதம் 9,000 ரூபாய் குறையும். ஆனால் வேலையை விடும்போது கிராஜுவிட்டி (பணிக்கொடை) வரும்: அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கு 11,250. பதினாறு ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். அது இருபது மாதத்துப் பற்றாக்குறையை ஈடுகட்டும், அதற்குள் பையனும் பிளஸ் டூவை முடித்துவிடுவான் என்றார். பி.எஃப். பணத்தை மட்டும் எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார். அவர் இவ்வளவு எளிதாக ஒப்புக்கொண்டது எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. அவர் வேண்டாம் என்றிருந்தால் அதையே காரணமாக வைத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

களைப்பினால்தான் ஓடப் பார்க்கிறாயோ என்று நீ கேட்பாய். வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பது விதி. நைட் டியூட்டியில் எனக்கு இருவர், சில நாள் மூவர். களைப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு வார்டு மாற்றம் கேட்டாலே போதும், இன்சார்ஜ் சிஸ்டர் தரத் தயாராகவே இருக்கிறார். அவர் அதைச் சொன்னபோது என் மனம் அசையவே இல்லை. அதே நாள் இரவு, அந்தப் பெரியவர் பத்து மணிக்கு இரண்டு மாத்திரையும் விழுங்கியிருப்பாரா என்று நினைத்துக்கொண்டே சார்ட் எழுதினேன்.

ராஜினாமாக் கடிதத்தை எழுதிப் பையில் வைத்திருக்கிறேன்; தேதி மட்டும் போடவில்லை. இரண்டு மாத நோட்டீஸ் என்பதால், வரும் ஒன்றாம் தேதி கொடுத்தால்தான் வலி தணிப்புக் குழுவின் அடுத்த பயிற்சியில் சேர முடியும். அதற்குள் எனக்காக ஒரு காரியம் செய். 2021இல் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கிய பின் உங்கள் ஊரிலும் ஒரு செவிலியர் இப்படி வீடுகளுக்குப் போகிறார் என்று எழுதியிருந்தாயே, அவரிடம் கேள்: தான் பார்த்துவந்த ஒருவர் இறந்த மறுநாள், அதே தெருவில் அடுத்த வீட்டுக்குள் எப்படி நுழைகிறார்? எங்களுக்கு ஐசியூவில் படுக்கையைத் துடைத்து, வேறு விரிப்புப் போட்டு, அரை மணி நேரத்தில் அடுத்தவர் வந்துவிடுவார். அந்த முகத்தை மறுபடி பார்க்க வேண்டியதில்லை. தெருவில் அந்த அம்மா எதிரே வருவாரே.

பதிலைக் கடிதமாக எழுதி நாளைக் கடத்தாதே. இதற்கு மட்டும் போன் செய்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழி